காட்டுக்கோயிலிலிருந்து கடற்கரைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னை மயிலாப்பூரில் லஸ் என்னும் பெயரைச் சொல்லாமல் யாரும் நடமாட முடியாது. பேருந்து நிறுத்தத்துக்கும் நாற்சந்திக்கும் நீண்டதொரு சாலைக்கும் அதுவே பெயர். போர்த்துகீசிய மொழியில் அச்சொல்லுக்கு ஒளி என்று பொருள். அங்கே ஒளியின் அன்னைக்கு எழுப்பப்பட்ட சிறிய கத்தோலிக்க ஆலயத்திலிருந்துதான் அந்தப் பெயர் ஊர் முழுதும் பரவியது. தமிழில் அது பிரகாச மாதா ஆலயம். மக்கள் வழக்கில் காட்டுக்கோயில். எனக்கு இந்தக் கடைசிப் பெயரே பிடித்திருக்கிறது. மற்ற இரண்டும் பக்தியைச் சொல்ல, இதுவோ அந்த ஆலயம் எழுந்த காலத்து நிலத்தைச் சொல்கிறது.

ஆலயத்தைப் பற்றி வழங்கும் கதை இது. கடலில் திசை தெரியாமல் தத்தளித்த போர்த்துகீசியர் மாதாவை வேண்டிக்கொள்ள, கரையில் ஓர் ஒளி தோன்றி அவர்களை வழிநடத்தியதாம். கரையேறியவர்கள் அதைத் தொடர்ந்து நடக்க, காட்டுக்குள் ஓரிடத்தில் அது மறைந்ததாம். அந்த இடத்திலேயே கோயில் எழுந்ததாம். ஆலயத்திலுள்ள கல்லெழுத்தோ 1516ஆம் ஆண்டையும் பெத்ரோ என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பெயரையும் தருகிறது.

இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஆர்மீனிய வணிகர் ஒருவர் வழிகாட்ட, போர்த்துகீசியர் சிலர் இயேசுவின் சீடரான புனித தோமையாரின் கல்லறை இருந்ததாகக் கருதப்பட்ட இடத்துக்கு 1517இல் வந்தார்கள் என்பது அவர்களுடைய ஆவணங்களிலிருந்து தெரியும் செய்தி. அந்த இடத்தைச் சூழ்ந்த கடலோரப் பகுதியான சாந்தோமில் அவர்கள் குடியேறி வேரூன்றியதும் அதற்குப் பின்னர்தான். ஆகவே கல்லெழுத்து பிற்காலத்தில் வெட்டப்பட்டிருக்கலாம் என்றும், கட்டடம் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்தது என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அந்த ஐயத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் காலத்தையே எடுத்துக்கொண்டாலும், 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம்பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்குவதற்கு வெகு முன்பே இங்கே திருப்பலி நடந்துகொண்டிருந்தது.

சாந்தோம் பேராலயத்தைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இந்த ஆலயம் முதலில் ஏமாற்றமாகத் தோன்றலாம். வானை முட்டும் கோபுரத்தோடு இன்று நிற்கும் அந்தப் பேராலயம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் புதிதாகக் கட்டப்பட்டது. காட்டுக்கோயிலோ வெண்மையான முகப்போடு அளவாக நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் வளைவுகளும், பொன்னும் வெள்ளியும் இழைத்த பீடமும் கண்ணில் படுகின்றன. அங்கே பழைய கல்லறைக் கற்களும் உண்டு. திருப்பலிக்கு வரும் மக்களில் பெரும்பாலோர்க்குப் புரியாத மொழியில் அவற்றின் எழுத்துகள் இருக்கின்றன. அவசரப்படாமல், வழிபாடு நடக்காத வேளையாகப் பார்த்துப் போய், அந்தக் கற்களின் பக்கத்தில் சிறிது நேரம் நிற்குமாறு நான் பரிந்துரைப்பேன்.

பிறகு ஆலயத்தோடு திரும்பிவிடாமல், அந்த ஒளி வந்ததாகச் சொல்லப்படும் வழியை எதிர்த்திசையில், கடலை நோக்கி, நடந்து பாருங்கள். ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். இடையில் கபாலீசுவரர் கோயிலும் அதன் தெப்பக்குளமும் வரும். அந்தக் கோயில் முன்பு கடலோரத்தில் இருந்ததாகவும், போர்த்துகீசியர் காலத்தில் அழிக்கப்பட்டுப் பின்னர் இப்போதைய இடத்தில் எழுந்ததாகவும் மயிலாப்பூரில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சாந்தோம் பகுதியில் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள், கடலோரத்தில் ஒரு கோயில் இருந்தது என்னும் செய்திக்கு வலுச்சேர்க்கின்றன. ஒரே மக்களின் வருகையைப் பற்றி ஒரே ஊரில் வழங்கும் செய்திகள் இவை. ஒன்றில் அவர்கள் கரை தேடி வேண்டியவர்கள். மற்றொன்றில் கரையிலிருந்த கோயிலை இடித்தவர்கள். பிரகாச மாதா ஆலயத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் முதற்கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குளக்கரையைக் கடக்கும்போது இரண்டாவதும் நினைவில் இருக்கட்டும்.

சாந்தோமை அடைந்து பேராலயத்தின் பின்புறம் சென்றால் கடல் தெரியும்.