கோட்டை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட நீதிமன்றம்: லிங்கன் செய்தது சரியா?

[காட்சி: இருட்டில் ஒரு பண்ணை வீடு]

1861 மே 25. விடிகாலை ரெண்டு மணி. தென் மாநிலங்கள் தனியா பிரிஞ்சு போனதால உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நேரம். அமெரிக்காவுல, மேரிலாந்து மாநிலத்துல, ஜான் மெரிமன்ங்கிறவர் வீட்டுக்குள்ள ராணுவம் நுழையுது. தூங்கிட்டிருந்தவரை எழுப்பி, பால்டிமோர்ல இருக்கிற மெக்ஹென்ரி கோட்டையில அடைச்சிடுது. வாரண்ட் கிடையாது.

அவர் தரப்புல ஆட்கொணர்வு மனு போடுறாங்க. "ஆளை என் முன்னாடி நிறுத்து, எதுக்குப் பிடிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லு"ன்னு நீதிபதி அரசாங்கத்தையே கேட்க வழி செய்ற மனு அது. கேட்டவர் சாதாரண ஆள் இல்ல, தலைமை நீதிபதி ரோஜர் டேனி. கோட்டைத் தளபதி ஆளை அனுப்பல. நீதிமன்ற அவமதிப்பு உத்தரவோட போன மார்ஷலை, அதாவது நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றுற அதிகாரியை, கோட்டையோட வெளி வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டாங்க.

தளபதிக்கு அந்தத் தைரியம் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன்கிட்ட இருந்து வந்தது.

[காட்சி: வாஷிங்டன் வரைபடம்]

இந்த மேப்பைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. வாஷிங்டனுக்கு ஒரு பக்கம் பிரிஞ்சு போயிட்டிருக்கிற வர்ஜீனியா, மத்த மூணு பக்கமும் மேரிலாந்து. வடக்கிலிருந்து படை வரணும்னா பால்டிமோர் வழியாத்தான் ரயில். ஏப்ரல் 19-ஆம் தேதி, ஒரு ஸ்டேஷன்ல இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு ஊருக்குள்ள போன மாசசூசெட்ஸ் வீரர்களைக் கூட்டம் தாக்குச்சு. ரெண்டு பக்கமும் உயிர் போச்சு. ரயில் பாலங்களை எரிச்சாங்க, தந்திக் கம்பியை அறுத்தாங்க. மெரிமன் மேல இருந்த குற்றச்சாட்டும் அதுதான். ஏப்ரல் 27-ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவுல இருந்து வாஷிங்டன் வரைக்குமான ராணுவப் பாதையில ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைக்கலாம்னு லிங்கன் உத்தரவு போட்டார்.

கிளர்ச்சியோ படையெடுப்போ வந்து, பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டா நிறுத்தலாம்னு அரசியல் சாசனமே சொல்லுது. யார் நிறுத்தணும்னு மட்டும் சொல்லல. அந்த வரி இருக்கிறது காங்கிரஸோட, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தோட, அதிகாரங்களைப் பேசுற பிரிவுல. அதனால ஜனாதிபதிக்கு உரிமையே இல்லைன்னார் டேனி. கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாதுன்னு 1857-ல தீர்ப்பு எழுதினவர் இவர். எனக்கு அவர் மேல துளி மரியாதை கிடையாது. ஆனா இந்த வாதம் வலுவானது.

லிங்கன் ஜூலை 4-ஆம் தேதி காங்கிரஸ்ல பதில் சொன்னார்: ஒரு சட்டம் மீறப்படக் கூடாதுங்கிறதுக்காக மத்த எல்லாச் சட்டமும் செயலிழந்து, அரசே உடைஞ்சு போகணுமா? ஏப்ரல் மாசம் காங்கிரஸ் கூடியிருக்கல, தலைநகரம் துண்டிக்கப்பட்டிருந்தது. அந்த நிலைமையில அவர் செஞ்சதை நான் ஏத்துக்கிறேன்.

அதுக்கப்புறம் நடந்ததை என்னால ஏத்துக்க முடியல. 1862 செப்டம்பர்ல அந்த நிறுத்தம் நாடு முழுக்கப் போச்சு. படையில சேர வேண்டாம்னு தடுக்கிறவங்களையும் ராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாம்னு ஆச்சு. 1863 மே மாசம், போரை எதிர்த்து மேடையில பேசின கிளெமென்ட் வல்லான்டிகம்மை, ஒஹையோவுல ராத்திரியில கதவை உடைச்சுக் கைது செஞ்சாங்க. அவர் எந்தப் பாலத்தையும் எரிக்கல. ஒஹையோவுல நீதிமன்றங்கள் திறந்துதான் இருந்துச்சு. ஓடிப்போற அப்பாவிச் சிப்பாயைச் சுடலாம், அவனை ஓடத் தூண்டுற தந்திரக்காரனைத் தொடக் கூடாதான்னு கேட்டார் லிங்கன். மனசைத் தொடுற கேள்விதான். தொடுங்க, ஆனா திறந்திருக்கிற நீதிமன்றத்துக்குக் கொண்டு போங்கங்கிறதுதான் என் பதில்.

[காட்சி: 1866, உச்ச நீதிமன்றம்]

போர் முடிஞ்சு, லிங்கனும் கொல்லப்பட்ட பிறகு, இதையேதான் உச்ச நீதிமன்றமும் சொல்லுச்சு. இந்தியானாவுல ராணுவ நீதிமன்றம் தூக்குத் தண்டனை கொடுத்த லாம்ப்டின் மில்லிகன் வழக்கு அது. சிவில் நீதிமன்றங்கள் இயங்குற இடத்துல குடிமக்களை ராணுவம் விசாரிக்க முடியாதுன்னு தீர்ப்பு. எழுதினவர் நீதிபதி டேவிட் டேவிஸ். 1860-ல லிங்கனை ஜனாதிபதி வேட்பாளர் ஆக்க சிகாகோவுல முன்ன நின்னு வேலை செஞ்ச நண்பர். லிங்கனே நியமிச்சவர்.