மாலெம் மஹ்மூத் கினியா: எஸ்ஸவீராவிலிருந்து உலக மேடைகளுக்கு

வணக்கம் நண்பர்களே. மொராக்கோவின் அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள எஸ்ஸவீரா நகரில் 1951ஆம் ஆண்டு பிறந்து, 2015 ஆகஸ்ட் 2ஆம் தேதி மறைந்த மாலெம் மஹ்மூத் கினியாவைப் பற்றித்தான் இந்தக் காணொளியில் பேசப்போகிறேன். க்னாவா என்ற சடங்கு இசை மரபில் தேர்ந்த ஆசானுக்கு மட்டுமே மாலெம் என்ற பட்டம் உரியது. அமெரிக்க ஜாஸ் மேதைகளோடும் ஐரோப்பிய மின்னிசைக் கலைஞர்களோடும் வாசித்தபோதும், தன் சடங்கின் இலக்கணத்தை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதுதான் அவருடைய பெருமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சகாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே க்னாவாக்கள். நபிகள் நாயகத்தின் தோழரும் இஸ்லாத்தின் முதல் பாங்கொலியாளருமான பிலாலைத் தங்கள் ஞானத்தந்தையாகப் போற்றும் அவர்களுக்கு, எஸ்ஸவீராவில் அவர் பெயரிலேயே ஒரு தொழுகையிடம் இருக்கிறது. மஹ்மூதின் தந்தை பூபக்கர் கினியா புகழ்பெற்ற மாலெம். தம்பிகள் அப்துல்லாவும் முக்தாரும் அதே வழியில் மாலெம்கள் ஆனார்கள். குடும்பத்துப் பெண்களுக்கும் இந்தச் சடங்கில் பெரும்பங்கு உண்டு. சாம்பிராணியையும் வண்ணத் துணிகளையும் பொறுப்பேற்று இரவுச் சடங்கை நடத்திச் செல்லும் மொகத்தெமா என்ற பெண் தலைவி இல்லாமல் எந்தச் சடங்கும் நடப்பதில்லை.

அந்தச் சடங்கின் பெயர் லீலா. தெருவில் பெரிய முரசுகள் முழங்க ஊர்வலமாக வந்து, பிறகு வீட்டுக்குள் அமர்ந்து, விடியும்வரை நீளும் இசை அது. ஏழு வண்ணங்களும் ஏழு கூட்டத்து ஆவிகளும் ஒவ்வொன்றாக அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனிப் பாட்டு, தனி நறும்புகை, தனி நிறத்துணி உண்டு. வெள்ளைக்கு உரியவர்களில், நம் ஊர்களில் முகைதீன் ஆண்டவர் என்று கொண்டாடப்படும் அப்துல் காதிர் ஜீலானியும் இருக்கிறார். கடலுக்குரிய சீதி மூசாவின் நீல வண்ணம் வரும்போது, அருள் வந்தவர் தண்ணீர் நிறைந்த கிண்ணத்தைத் தலையில் ஏந்தி ஆடுவதும் வழக்கம்.

இதையெல்லாம் இழுத்துப் பிடித்து நிறுத்துவது கெம்ப்ரி என்ற மூன்று நரம்பு வாத்தியம். ஒரே மரத்துண்டைக் குடைந்து, அதன்மேல் ஒட்டகத்தோலைப் போர்த்தி, ஆட்டுக்குடல் நரம்புகளைக் கட்டிச் செய்கிறார்கள். விரல் நரம்பை மீட்டும் அதே வீச்சில் தோலையும் தட்டுவதால், பாட்டும் தாளமும் ஒரே கையிலிருந்து பிறக்கின்றன. கழுத்தின் நுனியில் செருகிய உலோகத் தகட்டின் வளையங்கள் ஒவ்வொரு அடிக்கும் அதிர்கின்றன. சுற்றிலும் சீடர்கள் கராகெப் என்ற இரும்புத் தாளங்களை ஒலிக்க, மாலெமின் கண் ஆடுபவர் மேலேயே இருக்கிறது. தன்னிலை மறந்து ஆடுபவரைப் பாதியில் விட்டுவிடுவது பெருந்தவறு. அவர் தெளிந்து அடங்கும்வரை பாட்டை நீட்டவும், வேகத்தைக் கூட்டவும், தணிக்கவும் தெரிந்தவரே மாலெம்.

இந்தப் பயிற்சியோடுதான் மஹ்மூத் 1994இல் ஃபாரோ சாண்டர்ஸை எதிர்கொண்டார். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த அந்த மாபெரும் சாக்சபோன் கலைஞர், தயாரிப்பாளர் பில் லாஸ்வெல்லோடு எஸ்ஸவீராவுக்கே வந்தார். அங்கே பதிவான 'தி டிரான்ஸ் ஆஃப் செவன் கலர்ஸ்' என்ற இசைத்தட்டில், சாண்டர்ஸோடும் லாஸ்வெல்லோடும் நெருங்கிப் பணியாற்றி அந்த ஆண்டு மே மாதம்தான் இறந்துபோயிருந்த கிட்டார் கலைஞர் சானி ஷாராக்குக்குக் காணிக்கையாக்கிய பாடல் ஒன்று இருக்கிறது. நான் பலமுறை திரும்பக் கேட்பது அதைத்தான். சாண்டர்ஸின் துயரம் சாக்சபோனில் பொங்கி எழும்போது, மஹ்மூத் அதோடு போட்டியிடவும் இல்லை, ஒதுங்கி வழிவிடவும் இல்லை. லீலாவில் ஆடுபவரைத் தாங்குவதுபோலவே அந்த விருந்தினரையும் கெம்ப்ரியால் தாங்கி நிற்கிறார். அவருடைய குடும்பத்தினரின் குரல்களும் கைத்தட்டலும் கூடவே ஒலிப்பதால், வெளியிலிருந்து வந்த கலைஞர் ஒரு குடும்பத்துக்குள் அமர்ந்து வாசிப்பதாகவே நமக்குக் கேட்கிறது.

1996இல் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஜெர்மன் சாக்சபோன் கலைஞர் பீட்டர் புரோட்ஸ்மானோடும் டிரம் கலைஞர் ஹமீத் டிரேக்கோடும் மேடையேறினார். புரோட்ஸ்மானின் ஊதல் செவியைக் கிழிக்கக்கூடியது. அந்தச் சூறாவளிக்கு நடுவிலும் கெம்ப்ரியின் சுழற்சி கலையாததைக் கேட்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது. வாழ்வின் கடைசிக் கட்டத்தில், 2014இல், ஜேம்ஸ் ஹோல்டன், ஃப்ளோட்டிங் பாயின்ட்ஸ் ஆகிய பிரிட்டன் மின்னிசைக் கலைஞர்களோடு மராகேஷில் பதிவுகள் செய்தார். க்னாவா தாளம் மூன்றடிக் கணக்குக்கும் நான்கடிக் கணக்குக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பது. இம்மி பிசகாத இயந்திரத் தாளத்துக்குள் அது அடங்காது. அங்கே இயந்திரம்தான் அவருக்குப் பின்னால் நடக்க வேண்டும்.

எஸ்ஸவீராவில் 1998இல் தொடங்கிய க்னாவா இசை விழாவின் தூண்களில் அவரும் ஒருவர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், நோயுற்ற நிலையிலும் அதே விழாவில் வாசித்து, மேடையிலேயே தன் கெம்ப்ரியை மகன் ஹுசாமிடம் ஒப்படைத்தார். க்னாவாவை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலிட்ட 2019இல் மஹ்மூத் உயிரோடு இல்லை. ஹுசாம் இன்று தானே ஒரு மாலெம். தனி இசைத்தட்டும் வெளியிட்டிருக்கிறார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள், அவர் மறைந்தபின் 2017இல் வெளிவந்த 'கலர்ஸ் ஆஃப் தி நைட்' என்ற இசைத்தட்டிலிருந்து தொடங்குங்கள். அதில் வெளிநாட்டு விருந்தினர் யாரும் இல்லை. கெம்ப்ரியும் கராகெப்பும் குரல்களும் மட்டுமே. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி கெம்ப்ரியின் கீழ்ச்சுரங்களை விழுங்கிவிடும் என்பதால், நல்ல ஹெட்ஃபோன் அணிந்து, ஒவ்வொரு பாட்டையும் இடையில் நிறுத்தாமல் முழுதாகக் கேளுங்கள். அதன்பிறகு சாண்டர்ஸோடு அவர் வாசித்ததற்குப் போங்கள்.