முகத்தை மூடினேன், முதுகு மாட்டிக்கொண்டது: தூளிக்கு வலை தேடிய கதை

வணக்கம் நண்பர்களே. நேற்றிரவு நான் 7 மணி நேரம் தூங்கினேன். இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தூங்கிய இடம் சோழவந்தானில், ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள என் சித்தப்பாவின் தென்னந்தோப்பு. கொடிக்காலின் நிழலும் ஈரமும் கொசுவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே தோப்பில் 2 வாரங்களுக்கு முன்பு படுத்தபோது, விடிந்ததும் சித்தி என் முதுகைப் பார்த்து, "என்னடா, அம்மை போட்டிருச்சா?" என்று கேட்டார். அவர் எண்ணிய வரைக்கும் 43 கடிகள். முகத்தில் ஒன்றுகூட இல்லை. என்னுடைய தூளியில் வலை இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் ஹேமக்கைத்தான் தூளி என்கிறேன். அந்த ஆங்கிலச் சொல்லைக் கடைக்காரரிடம் மட்டுமே சொல்வேன் என்பதும், 29 வயதில் தூளியில் தூங்குகிறான் என்று அப்பத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பதும் பழைய நேயர்களுக்குத் தெரியும்.)

அந்தத் தூளியைப் பெட்டி பிரித்துக் காட்டிய காணொளியில், மேற்புறம் வலை சேர்த்தே தைக்கப்பட்டிருப்பதை நான் வாயாரப் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியை இன்று திரும்பப் பெறுகிறேன். வலை மேலே மட்டும்தான் இருக்கிறது. கீழே இருப்பது ஒற்றைப் பாராசூட் துணி. நாம் படுத்ததும் அந்தத் துணி உடம்போடு ஒட்டி இறுகிக்கொள்கிறது. கொசுவின் ஊசிக்கு அது ஒரு தடையே இல்லை. குளிர் நாட்டுக்காரர்களின் காணொளிகளில் ஏன் யாரும் இதைப் பற்றிப் புலம்புவதில்லை என்று யோசித்தேன். அவர்கள் தூளிக்குக் கீழே ஒரு தடித்த பஞ்சுப் போர்வையைத் தொங்கவிடுகிறார்கள். குளிருக்காகக் கட்டிய அந்தப் போர்வையே கொசுவையும் தடுத்துவிடுகிறது. மதுரை வெக்கையில் முதுகுக்குக் கீழே பஞ்சுப் போர்வை கட்டிப் படுத்தால் காலையில் வெந்துதான் எழுந்திருக்க வேண்டும். ஆகவே நமக்கு வேண்டியது தூளியை மேலும் கீழுமாக முழுவதும் சுற்றி வரும் வலை, உறை போல.

துணியில் மருந்து தெளித்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு சொல்: அதற்குப் பயன்படும் பெர்மெத்ரின் பூனைகளுக்கு நஞ்சு. என் பூனை மிளகு எந்தத் துணியில் படுத்துத் தூங்குவாள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி வலைக்கு வருகிறேன். வீட்டில் கட்டும் சாதாரணக் கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் இருக்கும். கொசுவுக்கு அது போதும். ஆனால் கொசுவில் பாதிகூட இல்லாத, கடித்த பிறகே இருப்பது தெரிகிற குட்டிப் பூச்சிகளும், மணல் ஈக்களும் அந்தத் துளையில் நுழைந்துவிடும். ஆற்றோரத் தோப்பில் படுப்பவனுக்கு நுண்வலைதான் வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளர் "மிக நுண்ணிய வலை" என்று போட்டிருந்ததை நம்பி 640 ரூபாய் கட்டினேன். வந்த துணியைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. ஆனால் சந்தேகத்தை எப்படி நிரூபிப்பது?

இங்கேதான் என் வாழ்நாள் கண்டுபிடிப்பு வருகிறது, தயவுசெய்து தாவிச் செல்லாதீர்கள். அடுப்படியிலிருந்து கசகசாவை எடுத்து வந்து வலைமேல் தூவினேன். அத்தனையும் சலசலவென்று தரையில் கொட்டியது. கசகசா ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அது நழுவிப் போகும் துளையில் குட்டிப் பூச்சி வராது என்று சொல்ல முடியுமா? முதலில் கடுகைத்தான் தூவினேன் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். கடுகு நின்றது, அதனால் ஒரு நிமிடம் ஏமாந்தேன். வெட்டிய துணியைத் திரும்பப் பெற மாட்டோம் என்று விற்பனையாளர் பதில் அனுப்பினார். 640 ரூபாய் ஒரு பக்கம் இருக்கட்டும், கசகசா விற்கும் விலைக்கு அதைத் தரையில் கொட்டியதற்காக அம்மாவிடம் வாங்கியது தனிக் கணக்கு.

அடுத்த நாள் 10 கிராம் கசகசாவைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் ஏறி இறங்கினேன். மூன்று கடைகளில் கொட்டியது. நான்காவது கடையில், பரணில் கிடந்த ஒரு கறுப்பு வலையில், ஒரு மணிகூட விழாமல் அப்படியே நின்றது. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீட்டர் 110 ரூபாய் என்றார், 100 ரூபாய்க்குக் கேட்டேன், அவர் மசியவில்லை. நான் படியிறங்குவது போல நடித்தேன். அவர் கூப்பிடாததால் நானே திரும்பி ஏறினேன். ஒன்றரை மீட்டர் அகலத்தில் 7 மீட்டர், 770 ரூபாய்.

கறுப்பு வலைதான் வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெள்ளை வலைமீது வெளிச்சம் பட்டால் வலையே பளபளத்துக் கண்ணை மறைக்கும். கறுப்பு வலையில் அந்தப் பளபளப்பு இல்லாததால் வெளியே தென்னங்கீற்று வரை தெரியும். வெள்ளை வலைக்குள் படுத்தால் எனக்கு ஆஸ்பத்திரி வார்டு நினைவுதான் வருகிறது. எடையைக் கேட்பீர்கள்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுவே டெனியர், டெனியர் குறையக் குறைய வலையின் எடையும் குறையும், ஆனால் முள்ளில் மாட்டினால் கிழிவதும் எளிது. என் வலை முழுவதும் தைத்து முடிந்த பிறகு சுமார் 350 கிராம். நுண்வலையில் காற்றோட்டம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. நேற்று காற்று அடித்ததால் எனக்கு அது உறைக்கவில்லை.

தைப்பதற்குப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கும் தையல்காரர்களிடம் போனேன். ஒரு பெரியவரிடம் தூளியை விரித்துக் காட்டி, மூன்று மீட்டர் சுற்றளவு, மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு முனையிலும் கயிறு போட்டுச் சுருக்க வேண்டும், நடுவில் அடிப்பக்கம் மட்டும் ஆள் நுழைய ஒரு வாய், அதன் ஓரத்தில் எலாஸ்டிக் என்று கையால் காற்றில் வரைந்து அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தேர்ல தொங்குற தொம்பைதானே தம்பி, அதைப் படுக்கப் போட்டுக் கேக்குறீங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம்! தேரில் குழாய் போலத் தொங்கும் அந்தத் துணித் தொம்பைகளைக் காலமெல்லாம் தைத்தவருக்கு என் அரை மணி நேர விளக்கம் தேவைப்படவே இல்லை. சன்ன ஊசியில், பாலியஸ்டர் நூலில், ஓரத்தை இரண்டு முறை மடித்துத் தைத்துத் தந்தார். கூலி 250 ரூபாய். அதில் நான் பேரம் பேசவில்லை.

ஜிப் வைக்கலாமா என்று அவரும் கேட்டார். எனக்கு ஜிப் மீது உள்ள பகை உங்களுக்குத் தெரியும். மண் புகுந்தால் சிக்கும், இருட்டில் வலையைக் கடிக்கும், நடு இரவில் அவசரத்துக்கு எழும்போது திறக்கவே திறக்காது. அடிப்பக்க வாய் என்றால் அதைத் தலைக்கு மேலாகப் போட்டுக்கொண்டு தூளியில் உட்கார்ந்தால் போதும். எலாஸ்டிக் கீழே தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று: தூளியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே, தலைக்கு மேலே ஓர் உச்சிக்கயிறு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வலை மூக்கின்மேல் வந்து படியும். உடம்பைத் தொடும் வலை இருந்தும் இல்லாததற்குச் சமம், ஏனென்றால் கொசு வெளியே உட்கார்ந்துகொண்டே கடிக்கும். அந்தக் கயிற்றின் நீளத்துக்கு, தூளியின் நீளத்தில் 83 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. என் தூளி 3.3 மீட்டர், கயிறு ஏறக்குறைய 2.74 மீட்டர். சுற்றளவை 3 மீட்டராக வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். தூளியில் குறுக்காகச் சாய்ந்து படுத்தால்தான் முதுகு நேராக இருக்கும், அப்போது முழங்கையும் காலும் பக்கவாட்டில் துருத்தும்.

தென்னைகளுக்கு நடுவே 25 அடி இடைவெளி இருப்பதால், தூளியை மரத்தோடு பிணைக்கும் நாடாப் பட்டையை 8 அடிக்கு மேல் ஏணி வைத்துக் கட்ட வேண்டியிருந்தது. சித்தப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டே என் படிப்புச் செலவைக் கணக்குப் போட்டார்.

காலையில் சித்தி மறுபடியும் எண்ணினார். முதுகில் ஒன்றுகூட இல்லை. கணுக்காலில் மட்டும் 4 கடி. அவை வலைக்குள் நுழையுமுன் ஏணியில் நின்றபோது வாங்கியவை. ஓர் எறும்பு மட்டும் பட்டை வழியாக வந்து கால்மாட்டு முனையில் நுழைந்திருந்தது. அந்தப் பக்கச் சுருக்குக் கயிற்றை நான் ஒரு சுற்றுதான் சுற்றியிருந்தேன். அடுத்த முறை இரண்டு சுற்று.