சாக்குத்துணியில் தொடங்கிய அரசியல்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க வரலாறு என்றதும் குடியரசுத் தலைவர்களும் போர்களும்தான் பேச்சில் வருகின்றன. நான் பேச விரும்புவது அந்நாட்டின் தென்பகுதிப் பருத்தி விவசாயிகளைப் பற்றி. அதிகம் சம்பாதிப்பவர் அதிக வரி கட்ட வேண்டும், நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கைகளை ஊர் ஊராகக் கொண்டுசென்றவர்கள் இவர்கள். இந்த அரசியலை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கடைக்காரரின் கணக்குப் புத்தகம்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்தபின் தெற்கே வங்கிகள் அரிதாகிவிட்டன. விதை, மாவு, துணி எல்லாமே ஊர்க் கடையில் கடன்தான். அதற்கு ஈடு, இன்னும் முளைக்காத பருத்தி. ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. கடன் தீரும்வரை வேறு கடைக்குப் போக முடியாது. பருத்தியை விட்டு வேறு பயிரும் வைக்க முடியாது. 1870களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டு எடை 10 சென்டுக்கு மேல் விற்ற பருத்தி, 1894இல் 5 சென்டுக்கும் கீழே போயிற்று. கடனோ அப்படியே நின்றது.

டெக்சாஸில் தொடங்கிய விவசாயிகள் கூட்டணி இந்தச் சூழலில்தான் வளர்ந்தது. பள்ளிக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் பேச்சாளர்கள் விலையையும் வட்டியையும் விளக்கினார்கள். கறுப்பின விவசாயிகளுக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் 1886இல் தனிக் கூட்டணி அமைத்துக்கொண்டார்கள். இதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் 1888இல் தொடங்கியது. பருத்திப் பொதியைச் சுற்றிக் கட்ட சணல் சாக்குத்துணி வேண்டும். சணல் நம் வங்காளத்திலிருந்து போனது. அமெரிக்காவில் அதைச் சாக்குத்துணியாக விற்ற கம்பெனிகள் கைகோத்துக்கொண்டு விலையை ஒரேயடியாக ஏற்றின. சணலே வேண்டாம், பருத்தியிலேயே சாக்குத்துணி நெய்து தாருங்கள் என்று விவசாயிகள் ஆலைகளைக் கேட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல். எடை போடும்போது சாக்குக்கென்று கழிவு பிடிப்பார்கள் அல்லவா? கனமான சணலுக்கு வைத்த கழிவையே லேசான பருத்தித் துணிக்கும் பிடித்தார்கள். அந்த நட்டத்தையும் தாங்கிக்கொண்டு உறுதியாக நின்றார்கள். கூட்டங்களுக்குப் பருத்திச் சாக்குத்துணியில் தைத்த உடுப்பிலேயே வந்தார்கள். அட்லாண்டா பொருட்காட்சியில் இரண்டு ஜோடிகள் அந்த உடையிலேயே திருமணம் செய்துகொண்டார்கள்! கடைசியில் சணல் கம்பெனிகள் விலையைக் குறைத்தன.

சாக்கில் வென்றவர்கள் அடுத்துக் கிடங்கைப் பற்றி யோசித்தார்கள். அறுவடை நாளில் விலை விழும், விவசாயி விற்றுத் தீர்த்தபின் ஏறும். இது எந்த விவசாயிக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் கூட்டணித் தலைவர்களில் ஒருவரான சார்ல்ஸ் மெக்கூன் ஒரு திட்டம் வைத்தார். அரசே கிடங்கு கட்ட வேண்டும். விளைபொருளை அங்கே வைத்தால் சந்தை விலையில் 80 சதவீதத்தை ஆண்டுக்கு 1 சதவீத வட்டியில் கடனாகத் தர வேண்டும். விவசாயி நல்ல விலை பார்த்து விற்பார். கடைக்காரரின் பிடி அதோடு அறுந்துவிடும். இதைவிடத் தெளிவான பொருளாதார யோசனையை அக்காலத்தில் நான் பார்த்ததில்லை. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை.

ஏற்காததால் கட்சி பிறந்தது. 1892 ஜூலை 4 அன்று ஓமாஹாவில் மக்கள் கட்சி தன் அறிக்கையை வெளியிட்டது. ரயிலும் தந்தியும் அரசுடைமை, ஏறுமுக வருமான வரி, அஞ்சலகச் சேமிப்பு வங்கி எல்லாம் அதில் உண்டு. அதன் குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் 10 லட்சத்துக்கு மேல் வாக்குகள் பெற்றார்.

கறுப்பின விவசாயிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஜார்ஜியா மாநில மக்கள் கட்சித் தலைவர் டாம் வாட்சன், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கடனில் நசுங்குகிறார்கள், சேர்ந்து வாக்களியுங்கள் என்று 1892இல் மேடைகளில் பேசினார். அதே வாட்சன் பிற்காலத்தில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கச் சொன்னார். மாநிலம் மாநிலமாக அது பறிக்கவும்பட்டது. இதை ஒரு தனிமனிதரின் தடுமாற்றம் என்று என்னால் விட முடியவில்லை. இயக்கம் தொடக்கத்திலேயே தனித்தனியாகக் கட்டப்பட்டிருந்தது.

நேரம் முடியப்போகிறது. சுருக்கிவிடுகிறேன். 1896இல் மக்கள் கட்சி ஜனநாயகக் கட்சியின் பிரையனையே வேட்பாளராக ஏற்றது. அவர் தோற்றார், கட்சியும் கரைந்தது. பின்னர் நகரத்துப் படித்தவர்கள் முன்னின்ற முற்போக்கு இயக்கம் மக்கள் கட்சியின் கோரிக்கைகள் பலவற்றைச் சட்டமாக்கியது. வருமான வரியும் செனட் நேரடித் தேர்தலும் 1913இல் அரசியல் சட்டத்தில் ஏறின. பெயர் முற்போக்காளர்களுக்கே போயிற்று. கிடங்குத் திட்டம் மட்டும் இன்னும் காத்திருந்தது. 1933இல்தான் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு இருப்பு வைத்த பருத்தியின்மேல் பவுண்டுக்கு 10 சென்ட் கடன் கொடுத்தது. அப்போது மெக்கூன் உயிரோடு இருந்தார். வணக்கம்.