மான் ரேயின் மெட்ரோனோமும் நம் பரண்மேல் பெட்டிகளும்

(நகர நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் தந்த நகர்மன்றத் தலைவர் அவர்களே, எங்கள் ஊரில் பல தலைமுறைக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் முடியும்வரை இருந்து கேட்பதாக நகர்மன்றத் தலைவர் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனி நன்றி.

இன்றைக்கு மூன்று விஷயம். காதல் முறிவில் உருமாறிய ஒரு கலைப்பொருள், அதைச் செய்த மான் ரே என்ற அமெரிக்க ஓவியர், புகைப்படக்காரர், பிறகு நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய படங்கள். "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது எந்த மேடையிலும் நான் விடாத பழமொழி. இன்றும் அதுதான் துணை.

மான் ரே 1890இல் பிலடெல்பியாவில் பிறந்தவர், 1921இல் பாரிஸுக்குப் போனவர். இசை பயில்கிறவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் மெட்ரோனோம் பார்த்திருப்பீர்கள். சாவி கொடுத்தால் தண்டு இப்படியும் அப்படியும் ஆடி, டக் டக் என்று காலப்பிரமாணம் காட்டும். தண்டிலுள்ள எடையை மேலே ஏற்றினால் வேகம் குறையும். 1923இல் அந்தத் தண்டில் ஒரு கண்ணின் புகைப்படத்தை க்ளிப்பால் மாட்டினார். தனியே வரைகிறவனுக்குப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே, அதற்காக. 'அழிக்கப்பட வேண்டிய பொருள்' என்று பெயர் வைத்தார்.

1929இல் லீ மில்லர் என்ற அமெரிக்கப் பெண் அவரிடம் புகைப்படத் தொழில் கற்க வந்தார். காதலானது. 1932இல் லீ பிரிந்து நியூயார்க் போய்ச் சொந்தமாக ஸ்டூடியோ வைத்தார். வெயில் சுட்டது மான் ரேக்கு. அதே ஆண்டு அந்தக் கருவியை மறுபடி வரைந்து, செய்முறையும் எழுதினார்: நேசித்து, இனிக் காணக் கிடைக்காதவரின் படத்திலிருந்து கண்ணை வெட்டி ஊசலில் மாட்ட வேண்டும், தாங்குமட்டும் ஓடவிட வேண்டும், பிறகு சுத்தியலால் ஒரே அடியில் நொறுக்கப் பார்க்க வேண்டும். இப்போது அதில் ஆடியது லீயின் கண்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 1957, பாரிஸில் டாடா கண்காட்சி. டாடா என்பது கலை மரபுகளையே கேலி செய்த ஒரு கலை இயக்கம். மான் ரேயும் அங்கே இருக்கிறார். திடீரென்று இளைஞர் கூட்டம் ஒன்று நுழைந்து துண்டறிக்கைகளை வீசுகிறது. இந்தக் கலையே கூடாது என்பது அவர்கள் கட்சி. ஒருவன் மெட்ரோனோமைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வெளியே கொண்டுபோய்த் துப்பாக்கியால் சுட்டே விட்டார்கள்! பெயரிலேயே அழி என்று இருந்ததை அழித்தாயிற்று. காப்பீட்டுக்காரர் வந்தார், மெட்ரோனோம் விலையைத் தருகிறேன் என்றார். ஓவியம் போய்விட்டால் வண்ணமும் துணியும் வாங்கிக் கொடுத்து ஈடுகட்ட முடியுமா என்று மான் ரே கேட்டார். காப்பீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஆனாலும் சந்தேகம்: முழுத் தொகையையும் கொடுத்தால் இவர் மெட்ரோனோம்களாக வாங்கிக் குவிப்பாரோ? "அதுதான் என் எண்ணம்" என்றாராம் மான் ரே. பெயரை மட்டும் மாற்றினார், 'அழிக்க முடியாத பொருள்' என்று. 1965இல் நூறு பிரதிகள் செய்தார்.

சரி, அந்தக் கண்ணுக்குரியவர் என்ன ஆனார்? நான் இங்கே நிற்பதே அதைச் சொல்லத்தான். லீ மில்லர் இரண்டாம் உலகப் போரில் போர்க்களப் புகைப்படக்காரர் ஆனார். 1945இல் டாஹாவ், புஹன்வால்ட் என்ற நாஜி வதைமுகாம்களுக்குள் போய்ப் படம் எடுத்தார். பின்னாளில் அதையெல்லாம் அதிகம் பேசவில்லை. 1977இல் அவர் இறந்த பிறகுதான், இங்கிலாந்தில் அவருடைய பண்ணைவீட்டுப் பரணில் சுமார் 60,000 நெகட்டிவ்களும் படங்களும் பெட்டி பெட்டியாக இருந்தது மகன் குடும்பத்துக்குத் தெரிந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும். நல்லவேளை, அந்தப் பெட்டிகளை யாரும் எடைக்குப் போடவில்லை.

நம் தெருக்களில் பழைய வீடு இடிபடும்போதெல்லாம் ஆல்பங்கள் குப்பை வண்டியில் போகின்றன. பாட்டிமார் படங்களுக்குப் பின்னால் பெயர்கூட இல்லை. நகர்மன்றத் தலைவர் அவர்களே, நூலக மாடியில் பூட்டிக் கிடக்கும் அந்த ஓர் அறையைப் பழைய படங்களுக்காகத் திறந்து கொடுங்கள். தாய்மார்களே, ஒட்டும் ஆல்பத்தில் படத்தை வைக்காதீர்கள், அந்தப் பசை படத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள். படத்தின் பின்பக்கம் மென்மையான முனையுள்ள பென்சிலால், அழுத்தாமல், பெயரும் ஊரும் வருடமும் எழுதுங்கள். பெட்டி வைத்திருப்பவர்கள் போகும்போதே நூலகர் அம்மாவிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வந்து எடுத்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.