ஒப்புதலும் கடிகார நேரமும்

மருத்துவர்களே, தாதியரே, ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களே, வணக்கம்.

மனிதர்களிடம் மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் பன்னாட்டு வழிகாட்டியான ஐசிஎச் ஈ6 1996இல் வந்தது. அதன் மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் இறுதியானது. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனை விதிமுறைகளும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. இவற்றைப் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள்தாம் நாம். அப்படியும் பிழை நேர்கிறது. பல வேளை நம் இரக்கத்தாலேயே நேர்கிறது.

வெறும் வயிற்றோடு ஒரு சர்க்கரை நோயாளி ஆய்வில் சேர வருகிறார். "பாவம், பசியோடு இருக்கிறாரே" என்று முதலில் ரத்தம் எடுத்துவிடுகிறோம். குழாயின் சீட்டில் 8.10. ஒப்புதல் படிவத்தில் 8.40. வழக்கமான சிகிச்சைக்கு எடுத்த ரத்தமென்றால், நோயாளிக் குறிப்பில் அதை எழுதிவைத்தால் விளங்கும். ஆய்வுக்காகவே எடுத்ததென்றால், அந்த அரை மணி நேரம் அவர் சம்மதமின்றி ஊசி குத்தப்பட்டவர். ஆகவே முந்தைய வருகையிலேயே படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கையெழுத்தில் தேதியோடு நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

நெறிமுறைக் குழு அங்கீகரித்த தமிழ்ப் படிவமே இருந்தாலும், வாசிக்க இயலாத முதியவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும். விளக்கம் தொடங்கும்போதே அந்தச் சாட்சி அறையில் இருக்க வேண்டும். கடைசியில் அழைத்துக் கையொப்பம் வாங்குவது செல்லாது. ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர் சாட்சியாகக் கூடாது. விளக்கி முடித்ததும், "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "நடுவில் விலகினால் உங்கள் வழக்கமான வைத்தியம் என்னாகும், ஐயா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் தெரிந்துவிடும்.

பதிவுப் பிழையைத் திருத்த அதன் மேல் ஒரே கோடு, உங்கள் பெயரின் முதலெழுத்து, தேதி, தேவையானால் காரணம். வெள்ளை மை வேண்டாம். மறந்ததை இன்று எழுதினால் இன்றைய தேதியே போடுங்கள்.

இன்னொன்று. பங்கேற்பாளர் சனிக்கிழமை வேறு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். நமக்குப் புதன்கிழமைதான் தெரிகிறது. உடல்நலக் கேட்டால் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலே அது கடுமையான பாதக நிகழ்வு. தெரிந்த உடனே ஆய்வுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆதரவாளர் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மருந்தோடு தொடர்புடையதாக ஐயப்படும், எதிர்பாராத எதிர்வினை மரணத்தில் முடிந்தாலோ உயிருக்கு ஆபத்தானதென்றாலோ, அந்நிறுவனம் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு 7 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும். மற்ற கடுமையானவற்றுக்கு 15 நாள். அந்தக் கணக்கு நிறுவனத்துக்குத் தகவல் எட்டும்போதுதான் தொடங்குகிறது. நாம் தாமதித்த நாள்களில் அதே மருந்தை மற்றவர்களும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். ஆய்வின் பெயரும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டையை ஒவ்வொருவர் பணப்பையிலும் வைத்தனுப்புங்கள். சேர்க்கும் மருத்துவமனையில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.