காலையில வைக்கோல், சாயங்காலம் காய்ச்சல்

வணக்கம் உறவுகளே. மன்னார்குடி பக்கத்துல எங்க மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி நிக்கிறேன். மாஸ்க் போட்டிருக்கேன், குரல் அமுங்கித்தான் கேக்கும், பொறுத்துக்குங்க.

இந்தக் கட்டப் பாருங்க. குறுவை அறுப்புல மழை புடிச்சிக்கிச்சு, வைக்கோல் காயறதுக்குள்ள மெஷின் விட்டுக் கட்டியாச்சு. மேல பாத்தா பழுதே தெரியல. கைய உள்ள விடுறேன்... சுடுதுங்க. இழுத்தா சாம்பல் மாதிரி தூள் பறக்குது, தெரியுதா? இந்தத் தூளப் பத்தித்தான் பேசணும்.

போன வருசம் வரைக்கும் அப்பாதான் கட்டு பிரிப்பாங்க. விடியக்காலையில ஒன்பது மாட்டுக்கும் உதறிப் போடுவாங்க. மத்தியானம் சாப்ட்டுப் படுத்தா குளிரு, ஒடம்பு வலி, வறட்டு இருமல், நெஞ்சப் புடிச்சிக்கும். ரெண்டு நாள்ல சரியாயிரும். மழையில நனைஞ்சதுன்னு நாங்களே முடிவு கட்டிட்டோம். காட்டுன எடத்துலயும் காய்ச்சல் மாத்திரைதான் குடுத்தாங்க. ரெண்டு வருசம் இப்படியே போச்சு. அப்புறம் வாய்க்கால் வரைக்கும் நடக்கவே நாலு தடவ நின்னு மூச்சு வாங்குனாங்க. ஸ்கேன்ல நுரையீரல் தழும்பு புடிச்சிருக்குன்னு வந்துச்சு. அந்தத் தழும்பு இனி போகாது.

இதுக்குப் பேரு ஃபார்மர்ஸ் லங், அதாவது விவசாயி நுரையீரல் நோய். 1932ல இங்கிலாந்துல கேம்பெல்னு ஒரு டாக்டர், பூஞ்சை புடிச்ச காய்ஞ்ச புல்லப் பிரிச்ச விவசாயிகளுக்கு இது வந்தத எழுதி வச்சிருக்காரு. 1963ல ஜாக் பெப்பிஸும் அவரோட இருந்தவங்களும் காரணத்தப் புடிச்சாங்க. ஈரத்தோட அடுக்குனா உள்ள தானா சூடேறும், 50, 60 டிகிரி வரைக்கும். அந்தச் சூட்டுலதான் ஒரு நுண்ணுயிர் நல்லா வளருது. அதோட தூள் நுரையீரல் அடிவரைக்கும் இறங்கிரும். இது தொத்து நோய் இல்லைங்க. நம்ம ஒடம்பு அந்தத் தூள எதுத்து நிக்கிறதுல வர்ற புண்ணு. அதான் ஒடனே தெரியாது, 4 மணி நேரத்துலேருந்து 8 மணி நேரம் கழிச்சுத்தான் காய்ச்சல் வரும். காலையில பிரிச்ச கட்டையும் சாயங்காலக் காய்ச்சலையும் யாருங்க சேத்துப் பாப்பா?

மாட்டுகிட்ட நிக்கும்போதே தும்மல், கண்ணு அரிப்பு, விசிலடிக்கிற மாதிரி இழுப்புன்னா அது வேற. மாட்டு முடி, செதில் ஒத்துக்காம வர்றது. அதையும் காட்டணும்.

மூஞ்சில துண்டு கட்டுனா போதும்னு நெனைக்காதீங்க, இந்தத் தூள் துணிக்குள்ள பூந்து வரும். என்95 மாஸ்க் போடுங்க. கொட்டகைக்குள்ள பிரிக்காதீங்க, வெளியில காத்து முதுகுப் பக்கம் அடிக்கிற மாதிரி நின்னு பிரிங்க. ஏற்கனவே ஒருதடவ இந்த நோய் வந்தவங்களா இருந்தா, நீங்க கட்டுக்குக் கிட்டயே போகாதீங்க, வேற ஆள விடுங்க.

டாக்டர்கிட்ட போனா, காய்ச்சல்னு மட்டும் சொல்லாதீங்க. "காலையில பூஞ்ச வைக்கோல் பிரிச்சேன்"னு மணியோட சொல்லுங்க. எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை அப்பத் தெரியலைங்க.

இந்தக் கட்டு மாட்டுக்கும் ஆகாது. தண்ணி ஊத்தி நல்லா நனைச்சிட்டு எருக்குழிக்குத் தள்ளப் போறேன். அப்பா அங்கேருந்து பாக்குறாங்க, கிட்ட வராதீங்கன்னு சொல்லியிருக்கேன்.